ஓடினால் உடம்பு கரைந்துவிடுமா?



உங்கள் வகுப்பில் இப்படி ஒரு நண்பன் இருக்கக்கூடும். போன ஆண்டுவரை மாலை நேரத்தில் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தவன், இப்போது எடை தூக்கப் பழகுகிறான். "ஏன் ஓட வருவதில்லை?" என்று கேளுங்கள். "ஓடினால் ஏறிய சதையெல்லாம் கரைந்துவிடுமாம்" என்பான். ஓட்டக்காரனைக் கேட்டால், "எடை தூக்கினால் உடம்பு கனத்து வேகம் போய்விடும்" என்பான். இரண்டு அச்சங்களுமே மிகையானவை என்பது என் கருத்து. இவற்றை நம்பி, இருவரும் ஆளுக்குப் பாதிப் பயிற்சியை இழந்து நிற்கிறார்கள்.

கருத்துச் சொன்னால் போதாது. காரணமும் காட்ட வேண்டுமல்லவா?

முதலில், இரு பயிற்சிகளும் தசையில் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். கனமான ஒன்றைத் தூக்கும்போது தசை நார்கள் இழுவிசைக்கு உள்ளாகின்றன. அந்த இழுவிசையை உணர்ந்து, தசைச் செல்கள் கூடுதலாகப் புரதம் தயாரிக்கின்றன. நார்கள் தடிக்கின்றன. ஓட்டத்தின் வேலை வேறு. 1967ஆம் ஆண்டில் ஜான் ஹாலோசி என்ற அமெரிக்க விஞ்ஞானி எலிகளைப் பல வாரங்கள் ஓடவிட்டு, அவற்றின் தசைகளைச் சோதித்தார். செல்லின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகியிருந்தன. ஆக, எடை தசையைத் தடிக்கச் செய்கிறது. ஓட்டம் தசைக்கு நீண்ட நேரம் உழைக்கும் திறனைத் தருகிறது.

அப்படியானால் 'சதை கரையும்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அதற்கும் ஓர் அறிவியல் வேர் உண்டு. ஹாலோசியின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார் ராபர்ட் ஹிக்சன் என்ற இளைஞர். அவர் எடை தூக்கிப் பழகியவர். ஹாலோசியோ ஓட்டப் பிரியர். அவருடன் சேர்ந்து ஓடத் தொடங்கியதும், தம் உடலின் கட்டும் வலுவும் குறைவதை ஹிக்சன் கவனித்தார். அதையே பிறகு ஓர் ஆய்வாக்கி, 1980இல் முடிவுகளை வெளியிட்டார்.

அந்த ஆய்வில் மூன்று குழுக்கள். ஒன்று, கால்களுக்கான எடைப் பயிற்சியை மட்டும் வாரம் 5 நாள் செய்தது. மற்றொன்று, ஓட்டமும் சைக்கிளும் மட்டும் வாரம் 6 நாள், நாளுக்குச் சுமார் 40 நிமிடம். மூன்றாவது குழு இரண்டையும் முழுமையாகச் செய்தது. 10 வாரம் இது நடந்தது. முதல் சில வாரங்கள் மூன்றாவது குழுவின் வலிமையும் நன்றாகவே ஏறியது. பிறகு ஏற்றம் நின்றது. கடைசி இரு வாரங்களில் சற்று இறங்கியது.

இந்தக் கடைசி வரி மட்டும் உலகமெங்கும் பரவிவிட்டது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 5 நாளும் 6 நாளும் சேர்ந்தால் வாரம் 11 பயிற்சிகள்! அதுவும் மூச்சு முட்டும் வேகத்தில் ஓட்டமும் சைக்கிளும். ஓய்வெடுக்க நேரமேது? அப்படியிருந்தும், 10 வாரம் முடிந்தபோது அவர்கள் தொடங்கியதைவிட வலிமையோடுதான் இருந்தார்கள். தாங்கும் திறனிலோ, ஓட்டத்தை மட்டும் செய்தவர்களுக்கு அவர்கள் சளைக்கவில்லை. ஓட்டக்காரனின் அச்சத்துக்கும் இதிலேயே விடை இருக்கிறது.

பின்னாளில் செல்லுக்குள்ளும் ஒரு காரணம் தேடினார்கள். செல்லில் ஆற்றல் குறையும்போது ஏஎம்பிகே என்ற நொதி விழித்துக்கொள்கிறது. புரதம் கட்டும் வேலையை நடத்தும் எம்டார் என்ற நொதியை அது அடக்குகிறது. செலவு மிகுந்த வீட்டில் புதுச்சுவர் எழுப்புவதை நிறுத்திவைப்பது போல. இது உண்மைதான். ஆனால் ஒரு நொதியைப் பற்றிய உண்மை, முழு மனிதனைப் பற்றிய முடிவாகிவிடாது. முழு மனிதர்களிடம் செய்த 43 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. ஓட்டம் போன்ற பயிற்சியைச் சேர்த்துக்கொள்வதால் தசை வளர்ச்சியும் உச்ச வலிமையும் குன்றுவதில்லை என்பதே அதன் முடிவு. ஒரே உந்தில் துள்ளி எழும் வலிமை மட்டும், இரண்டையும் ஒரே வேளையில் செய்தால் சிறிது குறையலாம். உயரம் தாண்டுபவர் இதைக் கவனிக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோருக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

தசை என்றவுடன் நாம் கைச்சதையை மடக்கிக் காட்டுகிறோம். நெஞ்சுக்குள் ஒரு தசை இரவு பகலாகத் துடித்துக்கொண்டிருக்கிறதே, அது கண்ணாடியில் தெரிவதில்லை. அதற்குப் பயிற்சி வேண்டாமா? கபடி ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். பிடித்தவர்களை இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட வலிமை வேண்டும். 20 நிமிடப் பாதிகள் இரண்டும் தளராமல் ஆட மூச்சும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் ஆட்டம் நடக்காது.

உலகச் சுகாதார நிறுவனமும் 2020இல் இதைத்தான் சொன்னது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலை உழைக்கவிட வேண்டும்; வாரத்தில் 3 நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சியும் இருக்க வேண்டும். இது மாணவிகளுக்கும் சேர்த்துச் சொன்னது!

அப்படியானால் எப்படிச் செய்வது? வாரம் 3 நாள் வலிமைக்கு, மற்ற நாட்களில் ஓட்டமோ விளையாட்டோ என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரே நாளில் என்றால் இடையில் 3 மணி நேரமாவது விடுங்கள். அதற்கு வழியில்லையென்றால் முதலில் எடை, பிறகு ஓட்டம். களைத்த கால்களோடு எடை தூக்கினால் நிலை தவறும். தண்டாலிலும் பஸ்கியிலும் தொடங்கலாம். எடையைத் தொடும்போது உடற்கல்வி ஆசிரியர் போன்ற ஒருவர் அருகில் இருக்கட்டும். இரவில் நன்றாகத் தூங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வயிறாரச் சாப்பிடுங்கள். சோற்றோடு பருப்பு, சுண்டல், நிலக்கடலை, முட்டை, பால் என்று வீட்டுக்கு ஏற்றபடி சேருங்கள். இரண்டு பயிற்சியும் செய்துவிட்டு அரைவயிற்றோடு இருப்பவனுக்குச் சதை கரையத்தான் செய்யும். அந்தப் பழியை ஓட்டத்தின் மேல் போடக்கூடாது. பசிதான் அங்கே தசையைத் தின்கிறது.

நான் சொல்வதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். நிலை தவறாமல் எத்தனை தண்டால் எடுக்க முடிகிறது, மைதானத்தை எத்தனை சுற்று ஓட முடிகிறது, காலையில் எழுந்ததும் நாடி நிமிடத்துக்கு எத்தனை என்று வாரந்தோறும் குறியுங்கள். 10 வாரம் கழித்து அந்தப் பக்கங்களை ஓட மறுக்கும் நண்பனிடம் காட்டுங்கள். நாம் வாதாடுவதைவிட அந்த எண்கள் நன்றாகப் பேசும்.