திரும்பி வந்த செக்

வீட்டு அடுப்படியில் வெந்து சம்பாதிக்கிற காசு கைக்கு வராமல் போனால் வயிறு எப்படி எரியும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சகோதரிகளே!

2023 தீபாவளிக்குக் கடைக்காரர் ஒருவருக்கு முறுக்கு, அதிரசம், மைசூர்பாகு என்று 42,000 ரூபாய்க்குப் பலகாரம் போட்டுக் கொடுத்தேன். எண்ணெய், நெய் வாங்க என் இரண்டு வளையல்களை அடகு வைத்திருந்தேன். பண்டிகை முடிந்ததும் செக் கொடுத்தார். பாங்கில் போட்டேன். நவம்பர் 20-ந் தேதி, கணக்கில் போதிய பணம் இல்லை என்ற சீட்டோடு திரும்பி வந்துவிட்டது.

போன் செய்தால், "அடுத்த வாரம் தந்துடறேங்கக்கா" என்றார். மறு வாரமும் அதே பாட்டுத்தான். என் வீட்டுக்காரரோ, "போனாப் போகட்டும். பொம்பளை நீ கோர்ட்டு வாசல் ஏறணுமா?" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அடகுக்கடை வட்டி ஏறிக்கொண்டே இருக்கிறதே!

பக்கத்து வீட்டு மாமி பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "சீட்டு வந்து எத்தனை நாளாச்சுடி?" என்றார்.

"பதினெட்டு நாள், மாமி."

"நல்ல வேளை! உடனே நோட்டீஸ் அனுப்பு" என்று அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு 1989 முதல் நமக்குத் துணை இருக்கிறது. செக்குக்கு ஆயுள் அதில் போட்ட தேதியிலிருந்து 3 மாதம். செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள், பணத்தைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். செக் நம்பர், தேதி, தொகை எல்லாம் அதில் இருக்கட்டும். திட்டு வேண்டாம். நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் அவர் பணம் தர வேண்டும். தராவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்கலாம். தண்டனை 2 வருஷம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசு ஏது என்கிறீர்களா? பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

நான் நோட்டீஸ் அனுப்பினேன். செக், பாங்கு சீட்டு, அவர் கையெழுத்துப் போட்ட பில், தபால் ரசீது எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டுப் பீரோவில் வைத்தேன். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த பன்னிரண்டாம் நாள் அவரே வாசலில் வந்து நின்றார்.

"நோட்டீஸ் எதுக்குக்கா? கேட்டாத் தரமாட்டேனா?"

"மூணு வாரமாக் கேட்டுக்கிட்டுத்தானே தம்பி இருந்தேன்!"

42,000 ரூபாயையும் எண்ணி வாங்கிக்கொண்டு, கைப்பட ரசீது எழ்திக் கொடுத்தேன். அன்று மாலையே வளையல்கள் கைக்கு வந்தன. வட்டி நஷ்டம் என் தலையில்தான். பாடம் படித்த சம்பளம் என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்த தீபாவளிக்கும் அதே மனிதர் ஆர்டர் சொன்னார். "பாதிப் பணம் முன்னாடி, மீதி சரக்கு எடுக்கும்போது" என்றேன். மறுபேச்சில்லாமல் எடுத்து வைத்தார். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் பில் புஸ்தகத்தை எடுத்து நீட்டினார்!