விலை உயர்ந்தால் பொருள் உயர்ந்துவிடுமா?

விலை மிகுந்ததே சிறந்தது என்னும் மயக்கம் வணிகர்க்கு வாய்த்த வற்றாத ஊற்று. அவ்வூற்றில் முகந்து கொழுத்தனவே மேலைநாட்டுச் செல்வப் பேரங்காடிகள். அவற்றுள் பெயர்பெற்றது அமெரிக்காவின் 'ஃகோல் ஃபூட்சு'. 'முழு உணவு' என்பது அப்பெயரின் பொருள். 1980-இல் தெக்சாசு மாநிலத்து ஆசுட்டின் நகரில் ஒரே கடையாய்த் தோன்றிய அதனை, 2017-இல் அமேசான் நிறுவனம் 1,370 கோடி தாலருக்கு வாங்கியது. அந்நாட்டு மக்களோ அதற்கு 'முழுச் சம்பளம்' என்றே பட்டம் சூட்டினர்! உள்ளே புகுந்தவன் ஊதியம் முழுதும் இழந்தே வெளிவருவான் என்பது கருத்து.

இம்மிகைவிலை தகுமா? தகும் என்பார் முதற்கண் காட்டுவது இயற்கை வேளாண் விளைபொருளை. 2012-இல் சுட்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் முன்னை ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து ஆய்ந்தனர். அத்தகு விளைபொருளில் பூச்சிக்கொல்லி எச்சம் குறைவு எனக் கண்டனர். ஊட்டத்தில் மேம்பட்டது என்பதற்கோ வலிய சான்று கிட்டவில்லை. நஞ்சு குறைந்ததற்குச் சற்று மிகுத்துக் கொடுப்பது முறையே. ஆயின், 2002 முதல் அவ்விளைபொருளுக்கு அமெரிக்க அரசின் வேளாண் துறை வகுத்த நெறியும் முத்திரையும் நாடு முழுமைக்கும் ஒன்றே. எளிய கடையிலும் அதே முத்திரை கிடைக்கையில், செல்வக் கடையில் கூடுதலாகக் கொட்டும் பணம் எதற்கு? பளபளக்கும் தரைக்கும் பெயர்ப்பலகைக்குமே அன்றோ!

சரி, நிறையேனும் நேர்மையாய் இருந்ததா? 2015-இல் நியூயார்க்கு நகர நுகர்வோர் துறை அவ்வங்காடியின் 80 வகைப் பொட்டலப் பொருள்களை நிறுத்துப் பார்த்தது. அத்தனை வகையிலும் எடைப்பிழை! ஒரு பொட்டலத்தில் மட்டும் மிகையாய்ப் பெற்றது ஏறத்தாழ 15 தாலர். அவ்வாண்டிறுதியில் 5 இலக்கம் தாலர் செலுத்தி நிறுவனம் அச்சிக்கலைத் தீர்த்துக்கொண்டது. அதே ஆண்டு கலிபோர்னியக் கடையொன்றில், தண்ணீர்விட்டான் இனத்துத் தண்டுகள் மூன்றை நீரில் இட்டு, ஒரு குப்பி 5.99 தாலர் என வைத்திருந்தனர். ஊரார் நகைத்தபின், 'தவறுதலாய் நேர்ந்தது' எனக் கூறி அகற்றினர். தண்ணீரை விட்டுத் தாலரை வாங்கும் வணிகத்திற்கு இதனினும் பொருந்திய செடி ஏது?

பணம் பறிபோவதினும் பெருங்கேடு ஒன்றுண்டு. எளிய கடையில் வாங்கும் உழைப்பாளி, தன் பிள்ளைக்குத் தாழ்ந்த உணவையே ஊட்டுகிறோமோ என்று நாணும்படி செய்துவிட்டார்களே, அதுவே அக்கேடு! அவன் நாண வேண்டுவதில்லை. அவன் வாங்கும் அவரையும் கீரையும் அதே மண்ணின் விளைவே. நாண வேண்டியது குறைநிறைக்கு நிறைவிலை பெற்ற நிறைகோல். நுகர்வோர் பெயரைக் கேட்டு மயங்காது, பொருளைப் பார்த்து, எடையை நிறுத்து, பின்னரே விலை கொடுக்க!