மூளைத் தானமும் கேட்கப்பட வேண்டும்

மூப்பைத் தள்ளிப்போடும் மாத்திரைகளின் விளம்பரங்கள் பெருகிவிட்டன. எந்தத் திசுவின் மூப்பை என்பதை மட்டும் அவை சொல்வதில்லை. உடம்பு முழுவதும் ஒரே வேகத்தில் மூப்பதில்லை. குடலின் உட்பரப்புச் செல்கள் சில நாட்களிலேயே உதிர்ந்து புதிதாகின்றன. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. கண்வில்லையின் மையத்திலுள்ள புரதமோ நாம் பிறக்கும் முன்பே உருவானது. எழுபது வயதிலும் அதே புரதம்தான். அது சிதைந்து திரளும்போது கண்புரை.

பிரிந்து பெருகும் செல்களில், ஒவ்வொரு பிரிவிலும் குரோமோசோமின் நுனியான டெலோமியர் தேய்கிறது. நரம்புச் செல்லின் சிக்கல் வேறு. அது பிரிவதில்லை, அழிந்தால் பெரும்பாலும் ஈடு கிடையாது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அப்போது கசியும் வினைமிகு மூலக்கூறுகள் டி.என்.ஏ.வைத் தாக்குகின்றன. பழுதுபார்க்கும் நொதிகள் வயதோடு தளர்வதால் சேதம் சேர்ந்துகொண்டே போகிறது.

மூளை டி.என்.ஏ.வில் நேரும் மாற்றத்தை மைசூரில் ஆராய்ந்தார்கள். செலுவாம்பா மாளிகையில் இயங்கும் சி.எஃப்.டி.ஆர்.ஐ., உணவு ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற நிறுவனம். அங்கே கே.எஸ். ஜகன்னாத ராவ் குழுவினர், அல்சைமர் என்னும் மறதி நோய் கண்டவர்களின் மூளையில் நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் பகுதியின் டி.என்.ஏ.வைச் சோதித்து 2002இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமாக வலஞ்சுழியாக முறுக்கியிருக்கும் 'பி' வடிவ இழை, நோய் முற்றியவர்களிடம் இடஞ்சுழியான 'இசட்' வடிவத்துக்கு மாறியிருந்தது. முறுக்கின் திசை மாறினால் மரபணுவை இயக்கும் புரதங்கள் அதைப் பற்றும் விதமும் மாறும். நோய்க்கு இது காரணமா, விளைவா என்பதை ஒரே ஆய்வால் தீர்க்க முடியாது. அதற்கு நிறைய மூளைகள் வேண்டும். நோயில்லாமல் மூத்தவர்களின் மூளைகளும் வேண்டும்.

நம் தடை இங்கேதான் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை எவ்வளவு முன்னேறினாலும், ஹிப்போகாம்பஸ் செல்லுக்குள் இழை எப்படி முறுக்கியிருக்கிறது என்பதைத் திசுவைக் கையில் எடுத்துத்தான் பார்க்க முடியும். பெங்களூரின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் மூளைத் திசு வங்கி 1995 முதல் இருக்கிறது. ஆனால் கண் தானத்துக்கு மனமுவந்து கையெழுத்திடும் குடும்பங்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? இறந்த சில மணி நேரத்துக்குள் மூளையை எடுத்தாக வேண்டும். துக்க வீட்டில் முதன்முறையாக இந்தப் பேச்சை எடுத்தால் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். முதியோர் மருத்துவப் பிரிவுகளில், மறதி நோயின் தொடக்கத்திலேயே, நோயாளி தானே முடிவெடுக்கும் தெளிவோடு இருக்கும்போதே கேட்க வேண்டும். மூளைத் தானத்துக்கான விருப்பப் படிவம் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில், அந்தந்த மாநில மொழியில், கண் தானப் படிவத்தோடு சேர்த்தே கிடைக்க வேண்டும்.