சாவுக்குப் பிறகு திறக்கும் பெட்டிகள்

அப்பாவோ அம்மாவோ சாக வேண்டும். பிறகு ஒரு சாவியோ கடிதமோ பிள்ளையின் கையில் கிடைக்க வேண்டும். அழுதுகொண்டே திறந்தால் குடும்ப ரகசியம் வெளியே வரும். இப்படி ஒரு நாவல் வந்ததும் 'மௌனத்தை உடைத்த படைப்பு' என்று எழுதிவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. யாருடைய மௌனம்?

ராணி மணிக்காவின் 'தி ரைஸ் மதர்' (2002) நாவலையே எடுத்துக்கொள்வோம். பதினான்கு வயதில் கல்யாணமாகி இலங்கையிலிருந்து மலாயாவுக்கு வருகிறாள் லட்சுமி. ஜப்பானியர் ஆட்சியில் அவள் மகள் மோகினியை வீரர்கள் கொண்டுபோகிறார்கள். அந்தக் காயம் அடுத்தடுத்த தலைமுறைகளையும் தின்கிறது. தன் தந்தை இறந்த பிறகு, கொள்ளுப்பேத்தி நிஷாவுக்கு ஒலிநாடாக்கள் கிடைக்கின்றன.

நம் கண் அந்த நாடாக்கள் கிடைத்த கணத்திலேயே நின்றுவிடுகிறது. அவற்றில் குரல் எப்படி வந்தது? நிஷாவின் அம்மா டிம்பிள், உறவுகள் உயிரோடு இருந்தபோதே கேட்டுப் பதிவு செய்தாள். கேட்க ஆள் இருந்தது, பேசினார்கள். என்னைக் கேட்டால், இந்த நாவலின் நாயகி ரெக்கார்டரை அழுத்தியவள்தான்.

நம் வீடுகளுக்கு வருவோம். ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி நம் கிழவிகள் வாயே திறக்கலையா? மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்ததையும், சயாம் ரயில் பாதை போடப் போன அண்ணன் திரும்பாததையும் எத்தனை தரம் சொன்னார்கள்! 'பாட்டி மறுபடியும் ஆரம்பிச்சிட்டாங்க' என்று டிவி சத்தத்தைக் கூட்டியது யாராம்? 415 கிலோமீட்டர் நீண்ட அந்தப் பாதையைப் பற்றி ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார். அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். இவை எந்தப் பெட்டியிலும் பூட்டிக் கிடக்கவில்லை. காது கொடுக்காமல் விட்டதற்குப் பின்னால் நாம் வைத்துக்கொள்ளும் மரியாதையான பெயர்தான் 'ரகசியம்'.

சில அவமானங்களைச் சொல்லாமலிருப்பது அம்மாக்களின் உரிமை என்பார்கள். சரி. அந்த உரிமையை மதிக்கிறவன் அவள் செத்த பிறகும் பெட்டியைத் தொடக்கூடாது. தெரிந்தே ஆகணும் என்றால் அவள் இருக்கும்போதே கேட்கணும். 'சொல்ல மாட்டேன்' என்று அவள் மறுக்கலாம். 'நீ நினைக்கிற மாதிரி இல்லடா' என்று திருத்தலாம். 'இத்தனை வருசம் எங்கடா போனே?' என்று திட்டவும் செய்யலாம். செத்தவளால் இதெல்லாம் முடியாது. அதனால்தான் இந்த வகை நாவல்களில் கடைசிப் பக்கத்தில் பிள்ளைகள் இவ்வளவு சுலபமாக நல்லவர்களாகிவிடுகிறார்கள்.

நம் எழுத்தாளர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அம்மா எதிரே உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்கும் அந்த அத்தியாயத்தை எழுதுங்கள். கஷ்டமான அத்தியாயம் அதுதான்.

வாசகர்களுக்கும் ஒன்று. 1945இல் ஐந்து வயதாக இருந்த பிள்ளைக்குக்கூட இப்போது எண்பது தாண்டிவிட்டது. உங்கள் கைப்பேசியில் ரெக்கார்டர் இருக்கு. கருமாதிக்குத் தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி போய்க் கேளுங்க.