தோலும் ஒரு காவற்காரனே!

பால்மரம் வெட்டும் சகோதரிகளுக்குப் பட்டையைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கத்தி எவ்வளவு ஆழம் போகலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவர்கள் கைக்கே தெரியும். வெளியே சொரசொரப்பாக இருப்பது செத்த பட்டை. அதற்குள்ளே பால் ஓடுவது உயிருள்ள பட்டை. அதையும் தாண்டிக் கத்தி மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிப் போகும். அடுத்த சுற்றில் அங்கே ஒழுங்காகக் கத்தி ஓடாது. மழை மாதங்களில் வெட்டுவாயில் பூஞ்சணம் ஏறிக் கறுப்புக் கோடு விழுவதையும் பார்த்திருப்பீர்கள்.

மரம் ஏன் பால் வடிக்கிறது என்று எப்போதாவது யோசித்ததுண்டா? நமக்கு வெள்ளி கிடைக்கட்டும் என்றா? இல்லை. காயத்தை அடைத்துக்கொள்ளத்தான் வடிக்கிறது. பால் உறைந்து வாயை மூடுகிறது. அது மட்டுமல்ல, அந்தப் பாலுக்குள் பூஞ்சணத்தையும் கிருமியையும் எதிர்க்கும் புரதங்களும் கலந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று, நம் கண்ணீரில் இருக்கும் லைசோசைம் என்ற கிருமிநாசினி செய்கிற வேலையையே செய்யக் கூடியது.

மனிதனுடைய தோலும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். மேலே உள்ளது செத்த அணுக்களின் அடுக்கு. செங்கல்லை அடுக்கி இடையில் சாந்து பூசியது போல, அணுக்களுக்கு நடுவே கொழுப்பு பூசப்பட்டிருக்கும். இந்த அடுக்கு நாள்தோறும் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. சுமார் ஒரு மாதத்தில் கீழேயிருந்து புதியது வந்து சேர்ந்துவிடும். உதிரும்போது ஒட்டியிருக்கும் கிருமிகளையும் கொண்டுபோகிறது. ஆகவே தோல் வெறும் சுவர் அல்ல. தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் சுவர்.

அந்தச் சுவருக்கு மேல் இலேசான புளிப்பு ஒன்று பூசப்பட்டிருக்கிறது. ஸ்டோரில் பால் உறைய ஊற்றும் திராவகத்தை நினைத்துப் பயப்படாதீர்கள், இது மிக மிக மென்மையானது. சுத்தத் தண்ணீருக்கு 7 என்று வைத்து, புளிப்பு ஏற ஏற எண்ணைக் குறைத்துக்கொண்டு போகும் கணக்கு ஒன்று விஞ்ஞானிகளிடம் உண்டு. அந்தக் கணக்கில் நல்ல தோல் 5ஐ ஒட்டி நிற்கும். நோய்க் கிருமிகள் பலவற்றுக்கு இந்தப் புளிப்பு ஆகாது. நாம் துணிக்குப் போடும் கட்டிச் சவுக்காரமோ 9, 10 என்று எதிர்ப்பக்கம் நிற்கிறது. அதைக் கொண்டே உடம்பையும் தேய்த்துக் குளித்தால் அந்தப் பூச்சு கரைந்துபோய், திரும்பி வரச் சில மணி நேரம் ஆகும். ‘நுரை வந்தால்தான் அழுக்குப் போகும்’ என்ற எண்ணம் நம் வீடுகளில் கொஞ்சம் அதிகம்தான்!

வியர்வையையும் குறைவாக நினைக்காதீர்கள். வியர்வைச் சுரப்பியிலேயே உண்டாகும் டெர்ம்சிடின் என்ற கிருமிநாசினியை ஜெர்மனியில் டூபிங்கன் நகர ஆராய்ச்சியாளர்கள் 2001ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். அதற்கு முன்பே 1997இல் இன்னொரு புதிருக்கு விடை கிடைத்திருந்தது. காளாஞ்சகப் படை உள்ளவர்களுக்குத் தோல் வெடித்துச் செதில் செதிலாக உதிரும். ஆனாலும் அந்த இடத்தில் சீழ் பிடிப்பது அரிது. ஏன்? அந்தச் செதில்களை ஆராய்ந்தபோது, தோல் அணுக்களே தயாரித்த டிபென்சின் என்ற பொருள் அதில் ஏராளமாக இருந்தது. ஆக, மருந்துக்கடை வெளியில் மட்டுமில்லை, தோலுக்குள்ளும் இருக்கிறது.

இன்னொரு விந்தை, நம் தோலில் எந்நேரமும் கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கின்றன. பெரும்பாலும் நமக்குத் தீங்கு செய்யாதவை. லயத்தில் எல்லா வீட்டிலும் ஆள் இருந்தால் வெளியாள் எங்கே புகுவான்? அதுபோல இவை இடத்தைப் பிடித்துக்கொண்டு, கெட்ட கிருமிகளை நெருங்க விடாமல் தடுக்கின்றன.

சரி, கத்தி பட்டுவிட்டது. அல்லது செம்பனை முள் ஏறிவிட்டது. அப்போது என்ன நடக்கிறது?

1868ஆம் ஆண்டில் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர் மனிதத் தோலின் ஒரு துண்டுக்குத் தங்கச் சாயம் ஏற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். கிளை கிளையாகக் கை நீட்டிய அணுக்கள் தெரிந்தன. அவை நரம்பைச் சேர்ந்தவை என்று அவர் நினைத்தார். உண்மையில் அவை காவல் அணுக்கள் என்பது தெரிய நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. உள்ளே நுழைந்த கிருமியின் துணுக்கைப் பிடித்து, அடையாளம் காட்டுவதற்காக அருகிலுள்ள நெறிக்குக் கொண்டுபோவது இவற்றின் வேலை. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் ‘நெறி கட்டியிருக்கிறது’ என்று பாட்டிமார் தடவிப் பார்ப்பார்களே, அது நோய் ஏறியதன் அடையாளம் மட்டுமல்ல. அங்கே படை திரள்கிறது என்பதற்கும் அதுவே அடையாளம்.

காயம் பட்ட இடத்திலோ வேறு கலவரம். சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்ற நான்கையும் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரியைச் சேர்ந்த செல்சஸ் எழுதி வைத்துவிட்டார். இந்த நான்கையும் நாம் நோய் என்று நினைக்கிறோம். உண்மையில் இது உடம்பு செய்யும் வேலை. இரத்தக் குழாய்கள் விரிகின்றன, அதனால் சிவப்பும் சூடும். குழாயிலிருந்து நீர் கசிகிறது, அதனால் வீக்கம். அந்த வழியாக வெள்ளை அணுக்கள் இறங்கி வந்து கிருமிகளை விழுங்குகின்றன. வீக்கம் நரம்பை அழுத்தி ‘இந்தக் காலை ஊன்றாதே’ என்று சொல்வதுதான் வலி. 1882இல் மெச்னிகாப் என்ற ரஷ்யர் இத்தாலியின் மெசினாவில், நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் முள்ளைக் குத்திவிட்டு மறுநாள் பார்த்தார். முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்திருந்தன. இந்த வழியில் செய்த ஆராய்ச்சிக்காக 1908இல் நோபல் பரிசு பெற்றார். சீழ் என்று நாம் முகம் சுளிக்கிறோமே, அதில் பெரும்பகுதி சண்டையில் செத்த வெள்ளை அணுக்கள்தாம்.

ஒரு குறிப்பு: நம் கறுத்த மேனியில் சிவப்பு சட்டென்று தெரியாது. புறங்கையை வைத்துப் பாருங்கள், சூடு காட்டிக் கொடுத்துவிடும்.

இவ்வளவு காவல் இருந்தும் தோற்றுப்போகும் இடம் ஒன்று உண்டு. அது நம் கெடா மண்ணிலேயே இருப்பதால்தான் இந்த மாதம் இந்தப் பேச்சை எடுத்தேன்.

1911ஆம் ஆண்டில் ரங்கூன் பொது மருத்துவமனையில் செத்தவர்களின் உடல்களைச் சோதித்துக்கொண்டிருந்த ஆல்பிரட் வைட்மோர் என்ற ஆங்கிலேய மருத்துவரும், அவருடைய உதவி மருத்துவர் கிருஷ்ணசாமியும் புதிய கிருமி ஒன்றைக் கண்டார்கள். இருவரும் சேர்ந்தே 1912இல் அதை எழுதி வெளியிட்டார்கள். ஆனாலும் ‘வைட்மோர் நோய்’ என்றுதான் பெயர் நிலைத்தது, கிருஷ்ணசாமியை உலகம் மறந்துவிட்டது. இப்படி மறக்கப்பட்டவர்கள் எத்தனை பேரோ! பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஸ்டாண்டன், பிளெச்சர் என்ற இருவர் இந்த நோயைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். 1917இல் ஸ்டாண்டன் இந்தக் கிருமியைக் கண்ட மனிதர் யார் தெரியுமா? ஒரு தமிழர், ரப்பர்த் தோட்டத் தொழிலாளி. 1921இல் நோய்க்கு மெலியோய்டோசிஸ் என்று அவர்கள் பெயர் வைத்தார்கள்.

இந்தக் கிருமி சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. வயல், கால்வாய், தோட்டத்துப் பள்ளம் எல்லாம் அதற்கு வீடு. கால் வெடிப்பு, சிராய்ப்பு, புண் வழியாக உள்ளே புகும். புயல் மழையில் மூச்சு வழியாகவும் போகலாம். இதன் தந்திரம் என்னவென்றால், வெள்ளை அணு விழுங்கினாலும் அது சாவதில்லை. விழுங்கிய அணுவுக்குள்ளேயே தப்பித்து, அங்கேயே பெருகும். பல ஆண்டு உறங்கிக் கிடக்கவும் அதனால் முடியும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த ஒருவருக்கு 62 ஆண்டு கழித்துத் தோலில் இந்தப் புண் வந்ததை அமெரிக்க மருத்துவர்கள் 2005இல் எழுதினார்கள்.

திடமான உடம்பு பெரும்பாலும் இதை அடக்கிவிடும். அடக்க முடியாமல் போவது யாருக்கு? முதலில் இனிப்புநீர் உள்ளவர்களுக்கு. இங்கே அந்த லாங்கர்ஹான்ஸை மறுபடி நினைக்க வேண்டியிருக்கிறது. தோலில் காவல் அணுக்களைக் கண்ட மறு ஆண்டே, 1869இல், கணையத்துக்குள் தீவு தீவாகக் கிடந்த அணுக்களையும் கண்டவர் அவரே. இன்சுலின் சுரப்பது அந்தத் தீவுகளில்தான் என்று பின்னால் தெரிந்தது. தோல் காவலுக்கும் சர்க்கரைக்கும் உள்ள உறவு அந்த இளைஞருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இன்று நமக்குத் தெரியும். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்து கிடந்தால் வெள்ளை அணுக்கள் மெதுவாக வருகின்றன, வந்தாலும் சரியாகக் கொல்வதில்லை. சிறு குழாய்கள் சுருங்குவதால் பாதத்துக்கு இரத்தம் குறைகிறது. நரம்பு மரத்துப்போவதால் முள் குத்தியதே தெரிவதில்லை. நான்கு அடையாளங்களில் வலி என்ற மணி அடிக்காமலே போய்விடுகிறது.

2005 முதல் 2008 வரை அலோர்ஸ்டார் வட்டாரத்தில் மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். 145 பேருக்கு மெலியோய்டோசிஸ் உறுதியானது. ஆண்டுக்கு ஒரு லட்சம் மக்களில் 16 பேருக்கு மேல் என்ற கணக்கு அது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இனிப்புநீர்க்காரர்கள். மூன்றில் ஒருவர் இறந்தார். இதோடு இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2019ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வில், மலேசிய இந்தியர்களில் பெரியவர்கள் 100 பேருக்கு 31 பேர் இனிப்புநீர் உள்ளவர்கள் என்று தெரியவந்தது. இந்த இரண்டு கணக்கும் சேரும் இடத்தில் நிற்பது நம்முடைய அப்பாவும் அத்தையும்தான்.

ஆகவே வீட்டில் என்ன செய்யலாம்? முதலில் காயத்தின் மேல் அப்புவதை விடுங்கள். முழங்காலில் கோப்பித்தூளோடு வகுப்புக்கு வரும் பிள்ளைகளை நான் இன்றும் பார்க்கிறேன். புகையிலை, சுண்ணாம்பு, மண் என்று ஆளுக்கொரு வைத்தியம். மண் வைப்பது கிருமியைக் கையைப் பிடித்து அழைத்து வருவதற்குச் சமம். சுண்ணாம்பு தோலின் புளிப்பைக் கெடுத்துப் புண்ணை வேகவைக்கும். மஞ்சளுக்குக் கிருமியை எதிர்க்கும் குணம் ஆய்வுக்கூடத்தில் தெரிந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கடைப் பொட்டலத்து மஞ்சள்தூள் சுத்தப்படுத்தப்பட்ட மருந்தல்ல, திறந்த புண்ணுக்கு அது வேண்டாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். சுற்றிலும் மென்மையான சோப்புப் போடுங்கள். சுத்தத் துணியால் மூடுங்கள். ஆழமாகக் குத்தியிருந்தால் கிளினிக்கில் காட்டி இசிவு நோய் ஊசி தேவையா என்று கேளுங்கள்.

சேற்றில் இறங்கும்போது சிலிப்பர் போதாது, பூட்ஸ் வேண்டும். எலிக் காய்ச்சலும் இதே வெடிப்புகள் வழியாகத்தான் நுழைகிறது. ஆறாத புண் இருந்தால் அது மூடும்வரை கால்வாய் வேலையை வேறொருவரிடம் மாற்றித் தரும்படி மண்டோரிடம் கேட்கலாம். கேட்பதில் வெட்கம் என்ன? இனிப்புநீர் உள்ள பெரியவர்கள் இரவில் கால் கழுவித் துடைத்தபின் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பார்க்க வேண்டும். குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளையைக் கூப்பிடுங்கள். சிறு முள்ளைக்கூடக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

காய்ச்சல் வந்து விடாமல் இழுத்தால், இருமலும் மெலிவும் சேர்ந்து காசநோய் போலத் தோன்றினால், அல்லது புண் ஆறாமல் கட்டி கட்டியாக எழும்பினால், மருத்துவரிடம் இரண்டு விஷயத்தை நீங்களாகவே சொல்லுங்கள்: எனக்குச் சர்க்கரை உண்டு, நான் சேற்றில் வேலை செய்கிறேன். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்தக் கிருமிக்குச் சாதாரண பெனிசிலின் பலிக்காது, தடுப்பூசியும் இன்னும் வரவில்லை. இரத்தத்தையோ சீழையோ வளர்த்துப் பார்த்து உறுதி செய்த பிறகு, மருத்துவமனையில் படுக்கவைத்துக் குறைந்தது 10 முதல் 14 நாள் நரம்பு வழியாக மருந்து ஏற்றுவார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் குறைந்தது மூன்று மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். புண் ஆறி, பசி எடுத்து, வேலைக்குப் போகத் தெம்பு வந்ததும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே உறங்கும் கிருமி மறுபடி எழுவது பெரும்பாலும் அப்போதுதான்.