விளையாட்டு வினையாகட்டும்!

(இளங்கலை மூன்றாம் ஆண்டு, வரலாற்றுத் துறை)

‘விளையாட்டு வினையாகும்’ என்பது நம்மவர் பழமொழி. எச்சரிக்கையாகச் சொல்லப்பட்ட இதனை வேறொரு பொருளிலும் கொள்ளலாம். வினை என்றால் தீங்கு மட்டுமன்று. செயல், தொழில் என்றும் பொருளுண்டு. குழந்தைகளின் விளையாட்டுக்குத் துணை நிற்பதையே பயின்று செய்ய வேண்டிய ஒரு தொழிலாக மேலை நாடுகள் சிலவற்றில் வளர்த்திருக்கிறார்கள். விளையாட்டுப் பணி என்று அதனைச் சொல்லலாம். ‘பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொள்ள ஒரு பயிற்சியா?’ என்று நகைப்போர் உண்டு. பயிற்சி வேண்டும், அதுவும் ஒருமுறை பெற்றுச் சான்றிதழைச் சுவரில் மாட்டிவைப்பதாக இல்லாமல், பணியோடு தொடர்வதாக இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் விளையாட்டு என்னும் ஒரே சொல் கால்பந்துப் போட்டியையும் குறிக்கும். மணலில் வீடு கட்டுவதையும் குறிக்கும். முன்னதற்கு விதியுண்டு, நடுவருண்டு, பரிசுக் கோப்பையுண்டு. அதனைப் பயிற்றுவிக்க உடற்கல்வி ஆசிரியர் இருக்கிறார். பின்னதோ, குழந்தை தானே தேர்ந்து, தானே நடத்தி, தன் மகிழ்ச்சிக்காகவே ஆடுவது. விளையாட்டுப் பணி இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தது.

இதன் வரலாறு டென்மார்க்கில் தொடங்குகிறது. சோரன்சன் என்னும் பூங்கா வடிவமைப்பாளர் ஒன்றைக் கவனித்தார். தாம் அழகுற அமைத்த திடல்களைவிடக் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் வேண்டாத பொருள்கள் கிடக்கும் இடங்களிலுமே பிள்ளைகள் மனமொன்றி விளையாடினர். 1931-இல் இக்கருத்தை அவர் நூலில் எழுதினார். 1943-இல், அந்நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்த காலத்தில், கோபன்ஹேகன் நகரின் எம்ட்ரப் பகுதியில் பழம் பலகையும் செங்கல்லும் கயிறும் நிறைந்த முதல் ‘தட்டுமுட்டுத் திடல்’ திறக்கப்பட்டது. கடலோடியாக இருந்தவரும் மழலையர் கல்வியில் பயிற்சி பெற்றவருமான ஜான் பெர்டெல்சன் அதன் முதல் பொறுப்பாளரானார். 1946-இல் அதனைக் கண்ட ஆலன் சீமாட்டி, அக்கருத்தைப் பிரிட்டனுக்குக் கொண்டுசென்றார். குண்டு வீச்சில் இடிந்து கிடந்த மனைகள் குழந்தைகளின் திடல்களாயின. அங்கே நின்ற பெரியவர்கள் காலப்போக்கில் ஒரு தொழிலினர் ஆயினர்.

இத்தொழிலுக்குப் பயிற்சி எதற்கு? குழந்தைக்கு விளையாடக் கற்றுத் தருவதற்கு அன்று. அதனை நம்மைவிடக் குழந்தை நன்கறியும். பயிற்சி வேண்டியிருப்பது பெரியவருக்கு. அப்பயிற்சியை மூன்றாகப் பகுத்துப் பார்க்கலாம்.

ஒன்று, பொறுத்திருத்தல். கோர்டன் ஸ்டரக், பெரி எல்ஸ் என்னும் இருவர் 1998-இல் ஓர் ஆய்வுரையில் விளையாட்டின் சுழற்சியை விளக்கினர். குழந்தை ஒரு பார்வையாலோ, எறிந்த பந்தாலோ அழைப்பு விடுக்கிறது. மறுமொழி கிடைத்தால் விளையாட்டு உருக்கொள்கிறது. இடையில் பெரியவர் தம் நோக்கத்தை நுழைத்தால் அது கலப்படமாகிவிடுகிறது. பழைய டயர் ஒன்றைக் கப்பலாக்கி ஒரு சிறுவன் கடலில் போய்க்கொண்டிருக்கிறான். ‘தம்பி, டயர் என்ன வடிவம்? வட்டம் என்று சொல்லு!’ என்கிறார் அருகிலிருக்கும் பெரியவர். கப்பல் அங்கேயே மூழ்கிவிடுகிறது! எப்போது வாய் திறப்பது, எப்போது வாளாவிருப்பது என்பது தானாக வருவதன்று, பழகிப் பெறுவது.

இரண்டு, ஆபத்தை எடைபோடுதல். மரத்தின் உயரம் குழந்தையின் கண்ணுக்குத் தெரியும். ஏறுவதா வேண்டாமா என்று அது முடிவு செய்யும். மணலுக்குள் கிடக்கும் துருப்பிடித்த ஆணி அதற்குத் தெரியாது. முன்னதை விட்டுவைத்துப் பின்னதை அகற்றுபவரே பயின்றவர். பயிலாதவர் இரண்டிலொன்று செய்வார்: எல்லாவற்றையும் தடுப்பார், அல்லது எதையும் கவனியார். விளையாட்டிடங்களில் ஆபத்தையும் பயனையும் சேர்த்தே சீர்தூக்க வேண்டும் என்று 2008-இல் பிரிட்டனில் வழிகாட்டி நூல் வெளியாயிற்று. ஆபத்தை அடியோடு ஒழிப்பது நோக்கமன்று என்பதை 2012-இல் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையினரே ஏற்றனர்.

மூன்று, தன்னைத் தானே ஆராய்தல். இரு சிறுவரின் சண்டையை விலக்கியது அவர்களுக்கு அடிபடும் என்பதாலா, தனக்கு இரைச்சல் பொறுக்கவில்லை என்பதாலா? மாலையில் உடன் பணியாற்றுவோருடன் அமர்ந்து இதனை மனம் திறந்து பேச வேண்டும். 2005-இல் பிரிட்டனில் ஏற்கப்பட்ட விளையாட்டுப் பணிக் கொள்கைகள் எட்டினுள், பணியாளர் தம்மால் விளையாட்டிடத்தில் நேரும் மாற்றத்தை உணர்ந்திருக்க வேண்டும் என்பதும் ஒன்று.

இதன் பயனுக்கு ருமேனியா சான்று பகரும். கைவிடப்பட்ட குழந்தைகள் சிலர் அங்கே ஒரு மருத்துவமனையில் கட்டிலோடு கட்டப்பட்டு வளர்ந்தனர். 2000-ஆம் ஆண்டையொட்டி விளையாட்டுப் பணியில் பயிற்சி பெற்றவர்கள் அவர்களிடையே பணியாற்றினர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரப் பேராசிரியர் பிரேசர் பிரவுன் முதலியோர் அம்மாற்றத்தைப் பதிவு செய்துள்ளனர். வெறுமனே ஆடிக்கொண்டு உட்கார்ந்திருந்த குழந்தைகள், ஓராண்டு காலத்துக்குள் ஒருவரோடொருவர் கூடி விளையாடலாயினர். விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு என்போர் இதற்கு என்ன விடை சொல்வர்?

‘பயிற்சி என்று வந்துவிட்டால் பாடத்திட்டம் வரும், தேர்வு வரும், அன்பு போய்விடும்’ என்று சிலர் அஞ்சுவர். அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஆனால் அன்பு ஒன்றே போதும் என்பதும் பொருந்தாது. டயரின் வடிவத்தைக் கேட்டவரும் அன்பினால்தானே கேட்டார்? ஆகவே திடலிலேயே மூத்தவர் அருகில் நின்று பயில்வதும், பின்னர் நூலறிவோடு அதனை ஒப்பிட்டுப் பார்ப்பதும் வேண்டும்.

அத்துடன் பயிற்சியை அரசின் மனநிலைக்கு விட்டுவிடவும் கூடாது. இங்கிலாந்தில் 2008-இல் 23½ கோடி பவுன் மதிப்பில் விளையாட்டுத் திட்டம் வகுத்தனர். 2010-இல் ஆட்சி மாறியதும் சிக்கனத்தின் பெயரால் அது கைவிடப்பட்டது. அதே 2010-இல் வேல்ஸ் நாடு, குழந்தைகளுக்குப் போதிய விளையாட்டு வாய்ப்பு உள்ளதா என மதிப்பிடுவதை உள்ளாட்சிகளின் கடமையாகவே சட்டத்தில் எழுதியது. தயவு மாறும், சட்டம் நிலைக்கும்.

நமக்கும் இதில் பங்குண்டு. விளையாடுவதைக் குழந்தையின் உரிமையாகக் கூறும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றது. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் ஆறு பணிகளுள் முன்பருவக் கல்வியும் ஒன்று. ஆனால் எடை பார்த்து, உணவளித்து, பதிவேடுகளும் எழுதும் அங்கன்வாடிப் பணியாளரிடம் ‘விளையாட்டையும் கவனியுங்கள்’ என்று வாயால் சொன்னால் போதுமா? அதற்கென நேரமும் தொடர்பயிற்சியும் தர வேண்டாமா?

அரசு செய்யட்டும் என்று நாம் வாளாவிருக்கவும் வேண்டியதில்லை. நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் சிற்றூர் செல்கிறோம். அங்குள்ள பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கரண்டியும் எலுமிச்சையும் கொடுக்கிறோம். மூவருக்குப் பரிசு; முப்பது பேருக்கு ஏமாற்றம். அடுத்த முகாமில் ஒரு மாலையையேனும் மாற்றிப் பார்ப்போம். சாக்கு, கயிறு, அட்டைப் பெட்டி, தென்னை மட்டை ஆகியவற்றைத் திடலில் வைத்துவிட்டு விலகி நிற்போம். அதற்கு முன் இரண்டு நாள், உளவியலறிந்த பேராசிரியர் ஒருவரும் அனுபவமிக்க அங்கன்வாடி ஆசிரியை ஒருவரும் நமக்கு வகுப்பெடுக்கட்டும். இரவில் அமர்ந்து கண்டதைப் பேசி எழுதிவைப்போம். அடுத்த ஆண்டு வருவோர் அதிலிருந்து தொடங்கட்டும்.

விளையாட்டு வினையாகட்டும், அவ்வினையை நாம் முறையாகப் பயில்வோமாக!