நனைந்த வன்தட்டை முடுக்காதீர்

2021 டிசம்பர் 18ஆம் நாள், தொடர்மழையால் ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா நீரில் மூழ்கியது. பலர் மேல்மாடியிலும் கூரையிலும் ஏறிப் படகுக்காகக் காத்திருந்தனர். நீர் வடிந்ததும் மெத்தை, அலமாரி, கணினி என யாவும் தெருவோரத்தில் குவிந்தன. அப்பருவத்து வெள்ளத்தால் நாட்டுக்கு ஏற்பட்ட மொத்த இழப்பு 6.1 பில்லியன் ரிங்கிட் எனப் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அக்கணக்கில் மெத்தைக்கு விலை உண்டு. கணினிக்குள் இருந்த தாத்தாவின் குரல்பதிவுக்கு விலை இல்லை.

நனைந்த கணினியை உடனே எறிந்துவிடுவது தவறு. அதைக் காயவைத்து முடுக்கிப் பார்ப்பது அதைவிடப் பெரிய தவறு என்பது என் கருத்து.

வன்தட்டுக்குள் கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டத் தட்டுகள் உள்ளன. அவை நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும். தரவைப் படிக்கும் முனை, தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். அந்த இடைவெளியில் ஒரு தூசிகூட நுழைய முடியாது. பெரும்பாலான வன்தட்டுகளில் காற்றழுத்தத்தைச் சமப்படுத்தச் சிறு துளை ஒன்று உண்டு. அதன்வழி வெள்ளநீரும் சேறும் புகுந்துவிடும். அந்நிலையில் முடுக்கினால் முனை தட்டை உராயும். உராய்ந்த இடத்தில் இருந்த தரவை எந்த வல்லுநராலும் மீட்க இயலாது. வெயிலில் உலர்த்தினால் சேறு தட்டில் இறுகிவிடும். ஆகவே, ஈரத்துடனேயே நெகிழிப்பையில் இட்டு மூடி, விரைவில் வல்லுநரிடம் சேர்ப்பதே முறை. (அரிசிக்குள் புதைக்கச் சொல்வோரும் உளர். அரிசி சோறாக்க மட்டுமே உதவும்!)

2003 பிப்ரவரி 1ஆம் நாள் கொலம்பியா விண்வெளி ஓடம் வானில் சிதறியது, எழுவர் மாண்டனர். சிதைவுகளிடையே கருகிக் கிடைத்த ஒரு வன்தட்டிலிருந்து ஆய்வுத் தரவின் பெரும்பகுதியை வல்லுநர்கள் மீட்டனர். தரவு எழுதப்படாத பகுதியிலேயே சேதம் ஏற்பட்டதால் தரவு தப்பியது. விண்ணிலிருந்து விழுந்தது பிழைத்திருக்க, வீட்டில் நனைந்ததை நம் அவசரத்தால் அழிப்பது முறையா?

மீட்புக் கட்டணம் கொள்ளை என்று சிலர் குறை கூறுவர். நான் அதை ஏற்கவில்லை. தூசியற்ற அறை வேண்டும். பழுதான முனையை மாற்ற அதே வகை வன்தட்டு இன்னொன்று வேண்டும். வேலை பல நாள் நீளும். ஆனால், தரவு கிடைக்காவிட்டால் எவ்வளவு செலுத்த வேண்டும் என முன்கூட்டியே கேட்பது நம் உரிமை. கடை மேசையிலேயே வன்தட்டைத் திறக்க முனைபவரிடம் மட்டும் கொடுக்கக்கூடாது.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உள்ள நம் சங்கங்களும் ஆலயங்களும் இதைச் சிந்திக்க வேண்டும். திருவிழாப் படங்களும் கூட்டக் குறிப்புகளும் ஒரே வன்தட்டில், ஒரே அலுவலக மேசையில் இருந்தால், ஒரே வெள்ளம் போதும். அதே அலமாரியில் வைத்த நகலும் அதனுடன் சேர்ந்தே மூழ்கும். மேகக் கணிமையில் ஒரு நகல் வைக்கலாம். ஸ்ரீ மூடாவில் வசிப்பவர் இன்னொன்றை ஈப்போவிலுள்ள அக்காள் வீட்டில் வைக்கலாம். தீபாவளிக்குப் போகும்போது புதிய நகலைக் கொடுத்துப் பழையதை வாங்கி வந்தால் போதும்.